நாய்க்குப் பெயர் மாற்றிய வீடு

(சுன்னாகத்தில் வாசிப்பு மாதத்தையொட்டி நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் உரைக்கு ‘நூல் தடையும் வாசிப்புச் சுதந்திரமும்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். நல்ல தலைப்புத்தான். ஆனால் நான் ஒரு நாயைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டியிருக்கிறது. அதற்குத் தலைவர் மன்னிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் ஒரு நாய் நின்றது. பெயர் ரைகர், அதாவது புலி. இப்போதைய பிள்ளைகளுக்கு இது புதினமாக இருக்கும். அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் ஒழுங்கைக்கு ஒரு ரைகரும் ஒரு ஜிம்மியும் ஒரு வீமனும் நிற்கும். அந்தப் பெயரில் அரசியல் ஒன்றும் இல்லை. எங்கள் அப்பப்பா 1950களில் வளர்த்த நாயும் ரைகர்தான். வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் நாய்களுக்கு வைத்த பெயர்களை நாங்கள் நாயோடு சேர்த்து வாங்கிக்கொண்டோம், அவ்வளவுதான். எங்கள் ரைகர் மண்ணிறம், ஒரு காது மட்டும் எப்போதும் மடிந்திருக்கும். சுன்னாகம் சந்தையில் ஐயா மரக்கறி வாங்கினால் வீடுவரை பின்னால் வரும், அவர் தபால் கந்தோருக்குப் போனால் படலைவரைதான் வரும். அந்த வித்தியாசம் அதற்கு எப்படித் தெரிந்தது என்று எங்களுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

1995 ஒக்ரோபர் 30. அதைப் பற்றி இந்த மண்டபத்தில் நான் விளக்க வேண்டியதில்லை. இராணுவம் நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து நடந்தது. எனக்கு 15 வயது, தம்பிக்கு 8. அம்மா அரிசியும் உடுப்பும் கட்டினா. ஐயா காணி உறுதிகளையும் பிறப்புப் பத்திரங்களையும் பொலித்தீனில் சுற்றி மடியில் செருகினார். பிறகு மாட்டுக் கொட்டிலுக்குப் போய்ப் பசுவின் கயிற்றை அவிழ்த்துவிட்டார். அன்றிரவு எத்தனை வீடுகளில் எத்தனை கயிறுகள் அவிழ்ந்திருக்கும்! கட்டிப்போட்டுவிட்டுப் போனால் அது நின்ற இடத்திலேயே செத்துவிடும், அவிழ்த்துவிட்டால் எங்காவது மேய்ந்து பிழைக்கும் என்பது யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காத ஊர் அறிவு. கடைசியாக ஐயா தன் புத்தக அலுமாரிக்கு முன்னால் போய் நின்றார். சைக்கிளில் இடமில்லை. அலுமாரியைப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பையில் போட்டார். புத்தகத்துக்குக் கயிறு அவிழ்த்துவிட வழியில்லை.

ரைகர் எங்களோடு மருதனார்மடம் கடந்து கோப்பாய்வரை வந்தது. அதற்குமேல் சனநெரிசலில் தவறிவிட்டது. தம்பி மீசாலைவரை அழுதுகொண்டே வந்தான்.

1996 ஏப்ரல் கடைசியில் திரும்பி வந்தோம். படலையைத் திறந்தபோது தாழ்வாரத்தில் எலும்பும் தோலுமாக ஒரு நாய் எழுந்து நின்றது. மடிந்த காதின் நுனி கிழிந்திருந்தது. தம்பி “ரைகர்!” என்று கத்தினான். அதன்பின் நடந்ததை நான் வர்ணிக்கப் போவதில்லை. நாய் வளர்த்தவர்களுக்குத் தெரியும், வளர்க்காதவர்களுக்குச் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பார்கள்.

இரண்டு நாள் கழித்து, பின்னேரம் ஒழுங்கையால் ரோந்து போன படையினர் இரண்டு பேர் எங்கள் படலையடியில் நின்றார்கள். நாய் பாய்ந்து குரைத்தது. ஐயா பதறிப்போய், பழக்கதோசத்தில், “ரைகர்! சும்மா இரு!” என்று சத்தம் போட்டார். போட்ட பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. முகம் வெளிறிவிட்டது.

அதில் ஒரு பொடியன், எங்கள் அண்ணன்மார் வயதுதான் இருக்கும், நாயைக் காட்டித் தெத்தித் தமிழில், “பெயர் என்ன? ரைகர்?” என்று கேட்டான். ஐயா, “டோக்… டோக் நேம், சேர்” என்றார். அவன் மற்றவனிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள், போய்விட்டார்கள். வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால் அவர்கள் சொன்னது எங்களுக்கு விளங்கவில்லை. விளங்காத அந்தச் சிரிப்பு எங்களை இன்னும் கூடப் பயப்படுத்தியது.

அன்றிரவு குப்பி விளக்கடியில் அம்மா தீர்ப்புச் சொன்னா: “இண்டையில இருந்து உவன்ர பேர் ராமு. பிள்ளையள், விளங்குதே? ஒருத்தரும் மற்றப் பேர் சொல்லக் கூடாது.”

யாரும் எங்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நாய்களின் பெயர்களைப் பற்றி எந்த வர்த்தமானியும் வெளிவரவில்லை. அந்தக் கட்டளை எங்கள் குசினிக்குள் பிறந்தது. நூல் தடையைப் பற்றி நான் படித்ததெல்லாம் பிறகுதான். முதல் பாடம் அந்த விளக்கடியில் கிடைத்தது.

அடுத்த நாள் ஐயா அலுமாரியைத் திறந்தார். அந்த அறையின் ஓடு உடைந்து ஒரு மாரி முழுவதும் மழை இறங்கியிருந்தது. கீழ்த்தட்டைக் கறையான் தின்றுவிட்டது. எஞ்சியதை ஐயா மூன்று குவியலாகப் பிரித்தார். வைத்திருக்கக் கூடியது ஒன்று. முன்பக்கத்தை மட்டும் கிழித்தால் வைத்திருக்கலாம் என்பது இன்னொன்று. மூன்றாவது, குசினிக்கு. ‘ஈழம்’ என்ற சொல் தலைப்பில் இருந்தால், அது வெறும் இலக்கிய வரலாறாக இருந்தாலும், தலைப்புப் பக்கம் போனது. சிவப்பு அட்டை என்றால் அட்டை போனது. வரைபடம் இருந்த ஒரு புவியியல் புத்தகம் மூன்றாம் குவியலுக்குப் போனது. தம்பியிடம் ஒரு சிறுவர் கதைப் புத்தகம் இருந்தது. காட்டு மிருகங்களின் கதை. அட்டையில் ஒரு புலி, உடம்பெல்லாம் வரி, வாயைத் திறந்தபடி. அது சேர்ந்ததும் மூன்றாம் குவியலில்தான். அதில்தான் அன்றைக்கு எங்களுக்குத் தேத்தண்ணிக்கு வெந்நீர் கொதித்தது. தம்பி அழவில்லை. ஆறு மாதத்தில் அவன் பெரிய ஆளாகியிருந்தான். “ஐயா, நாயையும் எரிப்பியளே?” என்று மட்டும் கேட்டான்.

என் ஐயா கோழை அல்ல. புத்தகத்தின்மேல் கால் பட்டால் தொட்டுக் கும்பிடுகிற மனிதர். 1981 மே 31 இரவு யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்தபோது மூன்று நாள் சரியாகச் சாப்பிடாதவர். செல்லப்பா அவர்கள் 1930களில் தம் வீட்டில் தொடங்கிய வாசிப்பு அறை, ஊர்ப்பணமும் உலகப்பணமும் சேர்த்து 97,000 நூல்களாக வளர்ந்து ஓர் இரவில் சாம்பலானதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அந்த இழப்பைத் தாங்காமல் உயிர்விட்ட தாவீது அடிகளையும் அறிவீர்கள். நான் அதைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்த 97,000 நூல்கள் தடைசெய்யப்பட்டவை என்பதால் எரியவில்லை. தீக்குப் பட்டியல் தேவைப்படவில்லை. தீயை நாங்கள் நினைவில் வைத்திருக்கிறோம், வருடந்தோறும் கூட்டம் வைக்கிறோம், வைக்கவும் வேண்டும். எங்கள் குசினி அடுப்பில் எரிந்ததற்கு யார் கூட்டம் வைப்பது?

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஐயாவின் பயம் 1996இல் பிறந்ததல்ல. அதற்கு முன்னரும் அந்த அலுமாரியில் சில புத்தகங்கள் பின்வரிசையில்தான் இருந்தன. ‘முறிந்த பனை’ நூலை எழுதிய நால்வரில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். கவிஞர் செல்வி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவி, 1991இல் விடுதலைப் புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பி வரவேயில்லை. அப்போது எங்கள் வீட்டுக்கு வேறு சீருடைக்காரர் வருவார்கள், ஐயா வேறு புத்தகங்களைப் பின்னுக்குத் தள்ளுவார். வருகிற ஆட்கள் மாறினார்கள், அலுமாரியின் பின்வரிசை மாறவில்லை. இதைச் சொன்னால் இந்த மண்டபத்தில் சிலருக்குப் பிடிக்காது. பிடிக்காததைச் சொல்ல இடம் இருக்க வேண்டும் என்பதற்குத்தானே இந்தக் கூட்டம்.

எல்லாத் தடையும் ஒரே மாதிரி என்றும் நான் சொல்ல மாட்டேன். 1970களில் தமிழகச் சஞ்சிகைகளின் இறக்குமதியை அரசு கட்டுப்படுத்தியபோது ஐயாவுக்குக் கோபம். ஆனால் வீரகேசரிப் பிரசுரமாக எங்கள் எழுத்தாளர்களின் நாவல்கள் மாதத்துக்கு மாதம் கைக்கு வந்ததும் அந்தக் காலத்தில்தான் என்று ஒத்துக்கொள்வார். இது நல்லதா கெட்டதா என்று அவரும் அவருடைய கூட்டாளிமாரும் திண்ணையில் இருந்து தர்க்கம் பண்ணியதை நான் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். அந்தத் தர்க்கம் முடியவில்லை. அதில் இருந்தவர்கள் முடிந்துவிட்டார்கள்.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். சுன்னாகம் என்றால் வெளியூரார் சந்தையையும் மின்சார நிலையத்தையும் சொல்வார்கள். இந்த ஊருக்கு ஓர் எழுத்துப் பரம்பரையும் உண்டு. எங்கள் பிள்ளையார் கோயில்களில் பெருங்கதை விரதகாலத்தில் நீங்கள் கேட்கும் பிள்ளையார் கதை, இந்தச் சுன்னாகத்து வரதபண்டிதர் பாடியது. ஒல்லாந்தர் ஆண்ட காலத்து மனிதர். அவரே ஒரு கிள்ளைவிடு தூதும் பாடியிருக்கிறார். காங்கேசன்துறைக் குருநாதசுவாமியிடம் கிளியைத் தூது அனுப்புகிற நூல். பறங்கியரும் ஒல்லாந்தரும் கோயில்களை இடித்தும் சைவ வழிபாட்டை ஒடுக்கியும் வைத்திருந்த ஒரு காலப்பகுதியின் பின்புலத்தில், ஒரு புலவர் தன் சாமிக்குச் சேதி சொல்லக் கிளியைத் தேடுகிறார். தூதுக்குக் கிளியை விடுவது பழைய மரபுதான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்த நூலை எடுக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நினைப்பு வரும்: மனிதர் போக முடியாத பாதையில் கிளி போகும், கிளியிடம் யாரும் அடையாள அட்டை கேட்க மாட்டார்கள்.

அதே ஊரில் அ. குமாரசுவாமிப் புலவர், 1854 முதல் 1922 வரை வாழ்ந்தவர், இதோபதேசத்தைத் தமிழில் தந்தார். அரசகுமாரருக்கு நீதி சொல்ல வந்த நூலில் பேசுவது காகமும் எலியும் ஆமையும் நரியும். அரசனின் பிள்ளையிடம் ‘உன் மந்திரி பொல்லாதவன்’ என்று நேராகச் சொல்ல எந்த வாத்தியாருக்குத் துணிவு வரும்? நரியைக் கொண்டு சொல்லலாம்.

இன்னும் கொஞ்சத் தூரம் போனால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி. அங்கே பிறந்த ஞானப்பிரகாச முனிவரைப் பற்றி வழிவழியாக ஒரு கதை சொல்லப்படுகிறது. போர்த்துக்கேயர் காலத்தில் அதிகாரியின் சமையலுக்கு வீட்டுமுறை வைத்து ஒவ்வொரு வீட்டாரும் ஒரு பசு கொடுக்க வேண்டுமாம். தம் வீட்டு முறை வருகிற நாளுக்கு முந்திய இரவில் அவர் ஊரைவிட்டே போய்விட்டார். இந்தியாவுக்குப் போய்ப் படித்தார், சிவஞானசித்தியாருக்கு உரை எழுதினார், சிதம்பரத்தில் குளம் வெட்டினார். அவர் பெயரால் அந்தக் குளம் இன்றும் இருக்கிறது. பெரியவர்கள் இதைச் சைவப்பற்றின் கதையாகச் சொல்வார்கள். சரிதான். ஆனால் 1995இல் ஐயா கயிற்றை அவிழ்த்ததைப் பார்த்தவள் நான். கொட்டிலில் நின்ற அந்தப் பசுவின் பெயரென்ன, அதன் கன்றுக்கு என்ன வயது என்றெல்லாம்தான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. ஒரு வாயில்லாச் சீவனைக் கொடுக்க மனம் வராததால் எங்களுக்கு ஓர் உரைநூல் கிடைத்தது என்று நினைத்துக்கொள்வேன்.

மிருகங்களின் வாயால் பேசினால் தப்பிவிடலாம் என்ற நம்பிக்கை எப்போதும் பலிப்பதில்லை. 1936இல் அமெரிக்காவில் மன்றோ லீஃப் என்பவர் ஃபெர்டினாண்ட் என்ற காளையின் கதையை எழுதினார். சண்டைக்குப் போக மறுத்து மரத்தடியில் இருந்து பூ மணக்கிற காளை. ஸ்பெயினில் பிராங்கோவின் ஆட்சி அந்தப் புத்தகத்தைத் தடைசெய்தது. சர்வாதிகாரிக்குப் பூ மணக்கும் மாட்டின்மேல் என்ன கோபம்? மாடு சண்டைக்கு வராவிட்டால் சண்டை பார்க்க வந்தவன் வெட்கப்பட வேண்டுமே.

1958இல் கார்த் வில்லியம்ஸ் என்ற ஓவியர் ‘முயல்களின் கல்யாணம்’ என்று ஒரு படக்கதை வெளியிட்டார். ஒரு வெள்ளை முயல், ஒரு கறுப்பு முயல், இரண்டும் காட்டில் விளையாடிக் கல்யாணம் கட்டுகின்றன. இவ்வளவுதான் கதை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் அப்போது கறுப்பரும் வெள்ளையரும் மணம் முடிப்பது சட்டவிரோதம். 1959இல் அங்குள்ள அரசியல்வாதிகள் இந்த முயல்கள் மேல் பாய்ந்தார்கள். புத்தகத்தை எரிக்க வேண்டும் என்றுகூடக் குரல் எழுந்தது. மாநில நூலகச் சேவையின் தலைவியாக இருந்தவர் எமிலி ரீட் என்ற பெண். அவர் புத்தகத்தைத் திறந்த தட்டிலிருந்து எடுத்துத் தனித் தட்டில் வைத்தார். கேட்கிற நூலகத்துக்குக் கொடுக்கலாம் என்றார். முழுவதும் அகற்றச் சொன்னபோது மறுத்துவிட்டார். அவரை வீராங்கனை என்பார்கள், உண்மைதான். எனக்கு அந்தத் ‘தனித் தட்டு’தான் கண்ணில் நிற்கிறது. ஏனென்று பிறகு சொல்கிறேன்.

ஹொங்கொங்கில் செம்மறியாடுகள் ஓநாய்களிடமிருந்து தங்கள் ஊரைக் காப்பாற்றும் சிறுவர் படக்கதைகளை வெளியிட்ட ஐந்து பேச்சுச் சிகிச்சையாளர்களுக்கு 2022 செப்டெம்பரில் ஆளுக்கு 19 மாதச் சிறை. அதற்குப் பயன்பட்டது பிரித்தானியர் விட்டுப்போன இராசத்துரோகச் சட்டம். அவர்கள் போன இடமெல்லாம் சட்டத்தை மறக்காமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பாப்பாப் பாட்டில் நாயையும் கோழியையும் குழந்தைக்கு உறவாக்கிய பாரதியின் சுதேச கீதங்களை 1928இல் சென்னையில் பறிமுதல் செய்ததும் அவர்கள்தான்.

நமக்கு நெருக்கமான கதை பெருமாள்முருகனுடையது. 2010இல் வந்த ‘மாதொருபாகன்’ நாவலுக்கு 2014 டிசெம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்புக் கிளம்பியது, படிகள் எரிந்தன. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுக்குப் பிறகு, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 யூலை 5ஆம் திகதி சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதன்பின் அவர் எழுதிய நாவல் எது தெரியுமா? ‘பூனாச்சி’. ஒரு வெள்ளாட்டுக் குட்டியின் கதை. மனிதரைப் பற்றி எழுதவே பயமாக இருக்கிறது, கடவுளைப் பற்றி எழுத இன்னும் பயம், மாட்டையும் பன்றியையும் தொட முடியாது, ஆகவே ஆடு என்ற கருத்துப்பட அதன் முன்னுரையில் சொல்லியிருக்கிறார். பகிடி போலத்தான் இருக்கும். வாசித்துப் பாருங்கள், ஆட்டுக்குட்டிக்குக் காது குத்த அரசாங்க வரிசையில் நிற்கிற இடம் வரும். யாழ்ப்பாணத்தில் பயணப் பாஸ் எடுக்க வரிசையில் நின்ற ஒருவரும் அதைச் சிரித்துக்கொண்டு கடக்க முடியாது.

இலங்கையில் இதெல்லாம் பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2019 ஏப்ரலில் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் ஒரு சிறுகதைக்காகக் கைதாகி நான்கு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். 2020 மே மாதத்தில் மன்னாரைச் சேர்ந்த இளம் ஆசிரியர் அஹ்னாஃப் ஜஸீம் ‘நவரசம்’ என்ற தமிழ்க் கவிதைத் தொகுதிக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் பிடிக்கப்பட்டார். வன்முறை வேண்டாம் என்று பாடியவரைத்தான் வன்முறைக்காகப் பிடித்தார்கள். 2021 டிசெம்பரில் பிணை கிடைக்கும்வரை ஏறக்குறைய 19 மாதம். 2023இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்த மாதங்களை யார் விடுவிப்பது? ஒருவர் சிங்களவர், ஒருவர் முஸ்லிம். அவர்களுக்காக எங்கள் ஊர் வாசிகசாலைகளில் எத்தனை கூட்டம் நடந்தது என்று கேட்டால் நானும் தலையைக் குனிய வேண்டியவள்தான்.

அந்தத் தனித் தட்டுக்கு வருகிறேன்.

நான் ஒரு பாடசாலையில் நூலகத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். எந்தப் பாடசாலை என்பது இங்கே தேவையில்லை. ஒருநாள் ஒரு தாய் வந்தா. கையில் எங்கள் நூலகப் புத்தகம், மொழிபெயர்ப்புச் சிறுவர் நாவல். கோபமில்லை, கண்ணில் நித்திரையில்லை. “ரீச்சர், இந்தக் கதையில கடைசியில நாய் செத்துப்போகுது. என்ர பிள்ளை ரண்டு இரவு நித்திரை கொள்ளேல்ல. எங்கட ஜூலியக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு கிடக்கிறாள். இப்பிடிப் புத்தகங்களப் பிள்ளையளுக்குக் குடுக்கலாமே?” என்றா.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் செய்தது இது: “ஓம் அம்மா, நீங்கள் சொல்றது சரி” என்று புத்தகத்தை வாங்கி, எழுதுபொருட்கள் வைக்கும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். பதிவேட்டில் ‘பழுது’ என்று எழுதினேன். அது பழுதாகவில்லை. கட்டுக்கூட அவிழவில்லை. அதிபருக்குச் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஒரு புத்தகம் இல்லாமற்போவதற்கு ஒரு வரி போதுமாக இருந்தது. அந்த வரி என் கையெழுத்தில் இருக்கிறது.

ஆறேழு மாதம் கழிந்திருக்கும். காங்கேசன்துறை வீதியில் ஒரு வாகனம் அந்தப் பிள்ளையின் ஜூலியை அடித்துவிட்டது. பிள்ளை இரண்டு நாள் பாடசாலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் இடைவேளையில் நூலகத்துக்கு வந்து தட்டுத் தட்டாகத் தேடினாள். “என்ன தேடுறாய் அம்மா?” என்றேன். “அந்த நாய் சாகிற கதை, ரீச்சர். அதில அந்தப் பெடியன் பிறகு என்ன செய்தவன் எண்டு பாக்கோணும்” என்றாள்.

சாவிக்கொத்தைத் தேடி எடுக்க எனக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. கை நடுங்கியதால்.

அந்தத் தாயை நான் குறைசொல்ல வரவில்லை. பிள்ளைமேல் இருந்த பாசத்தில் வந்தா. என் அம்மாவும் எங்கள்மேல் இருந்த பாசத்தில்தான் நாய்க்குப் பெயர் மாற்றினா. ஐயா எங்களைக் காப்பாற்றத்தான் எரித்தார். தடை என்றால் நாங்கள் சீருடை போட்ட, முத்திரை குத்துகிற ஒரு கையை நினைக்கிறோம். எனக்குத் தெரிந்த தடைகளில் பாதி, எங்களுக்குச் சோறு போட்ட கைகள் செய்தவை. அவற்றோடு சண்டை பிடிப்பதுதான் கஷ்டம். அரசுக்கு எதிராக வழக்குப் போடலாம், சொந்த அம்மாவுக்கு எதிராக என்ன செய்வது? அதனால்தான் நூலகர்களிடமும் என்னைப் போன்ற ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். யாராவது ஒரு புத்தகத்தைப் பற்றி முறைப்பாடு சொல்ல வந்தால் இருத்தி, தேத்தண்ணி கொடுத்துக் கேளுங்கள். முறைப்பாட்டை எழுத்தில் வாங்குங்கள். நான்கு பேர் அந்தப் புத்தகத்தை முழுவதும் வாசிக்கட்டும். பிறகு முடிவெடுங்கள், அந்த முடிவையும் எழுதி வையுங்கள். தயவுசெய்து ‘பழுது’ என்று மட்டும் எழுதாதீர்கள்.

ரைகருக்கு என்ன நடந்தது என்று பிள்ளைகள் கேட்பீர்கள். ராமு என்று எவ்வளவு கூப்பிட்டாலும் அது திரும்பிப் பார்க்கவேயில்லை. சோறு வைத்துக் கூப்பிட்டால் சோற்றைப் பார்க்கும், எங்களைப் பார்க்காது. நாங்கள் பெயரில்லாமல் ‘இஞ்சை வா’ என்று கூப்பிடப் பழகினோம். ஐயா மட்டும் இரவில் படலை பூட்டிவிட்டு வந்து தாழ்வாரத்தில் குந்தியிருந்து, வெளியே கேட்காத சத்தத்தில் பழைய பெயரைச் சொல்வார். வால் நிலத்தில் அடிபடுகிற சத்தம் எனக்கு அறைக்குள் கேட்கும். 1999இல் அது செத்தது. கிணற்றடி மாமரத்தின் கீழே தாட்டோம்.

கடைசியாக ஒரு காரியம். இந்தப் பையில் நான் ஒரு புத்தகம் கொண்டுவந்திருக்கிறேன். ஐயாவின் இரண்டாம் குவியலில் தப்பியது. அட்டை இல்லை, முதல் பதினாறு பக்கமும் இல்லை. எழுதியவர் யார், எங்கே அச்சானது, ஒன்றும் தெரியாது. திருமகள் அழுத்தகமும் வட இலங்கைத் தமிழ்நூற் பதிப்பகமும் இயங்கிய ஊர் இது, இங்கேயே அச்சானதாகவும் இருக்கலாம். வண்டில் சவாரிக்கு மாடு வளர்த்த ஒரு மனிதரின் கதை. பதினேழாம் பக்கத்தில் அவர் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் மாட்டை விற்க மனமில்லாமல் சந்தையிலிருந்து திரும்பி நடந்து வருகிறார். ஐயாவுக்கு அதன் பெயர் தெரியும். கிழித்தவர் அவர்தானே. ஆனால் நான் கேட்க நினைத்த காலத்தில் அவருக்கு நினைவு தப்பிவிட்டது. நூலகம் இணையத்தளத்தில் ஆயிரக்கணக்கான எங்கள் நூல்களை ஏற்றியிருக்கிறார்கள். அங்கேயும் தேடினேன். பெயர் தெரியாமல் எதைத் தேடுவது?

உங்கள் வீடுகளிலும் இப்படி முகமில்லாத புத்தகங்கள் இருக்கும், பரணில், உரப்பைக்குள், பழைய பெட்டகத்தின் அடியில். வெட்கப்படாமல் இந்த ஊர் நூலகத்துக்குக் கொண்டுவாருங்கள். பெயர் நினைவிருந்தால் ஒரு துண்டில் எழுதி உள்ளே வையுங்கள். கிழித்தவர் இன்னும் உயிரோடு இருந்தால் இன்றிரவே கேளுங்கள்.

இந்தப் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு இறங்குகிறேன். போகும்போது பெரியவர்கள் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். வாசித்தவர்கள் யாரும் இருந்தால் இதன் பெயரை எனக்குச் சொல்லுங்கள்.